தலையாட்டியதில் பிறந்த கடற்பன்றிகள்

1

பல்கலைக்கழகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் வருடத்துக்கு ஒரு முறை நிரப்பித் தர வேண்டிய பதினொரு பக்கப் படிவம். ஒன்பதாம் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். ‘இந்த ஆண்டில் ஏற்பட்ட இடர்ப்பாடுகளையும் அவற்றை எதிர்கொண்ட விதத்தையும் இருநூறு சொற்களுக்குள் எழுதுக.’ மூன்று நாளாக அந்தக் கட்டத்தை முறைத்துக்கொண்டிருக்கிறேன். இருநூறு சொல்லில் அடங்குகிற சமாச்சாரமில்லை அது. அதனால் முதலில் உங்களுக்குத் தமிழில் எழுதிவிடுகிறேன். அவர்களுக்கு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். ஒரு தேவாலயம், இரண்டு மதுக்கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மீன் ஆலை, எண்ணிலடங்காத கடற்காகங்கள். அவனியாபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கிற ஜனம் இங்கே ஊர் மொத்தத்துக்கும் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமையோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பில் ஆராய்ச்சிப் படிப்பு. சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. வேலை என்னவென்றால், கடற்பன்றிகளை எண்ணுவது.

கடற்பன்றி என்பது டால்பினுக்குத் தம்பி முறை. ஆனால் அண்ணனுடைய அழகு எதுவும் வாய்க்கவில்லை. மூக்கு நீளாது, துள்ளிக் குதிக்காது, புகைப்படத்துக்குச் சிரிக்காது. கறுத்த முதுகை ஒரு வினாடி காட்டும், ‘புஸ்’ என்று மூச்சு விடும், போய்விடும். இதை எண்ணத்தான் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்ன அன்று அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பன்னி எண்ணுறதுக்காத்தா பிளேன் ஏறிப் போற? நம்ம கம்மாய்க்கரைல நிக்கிறத எண்ணிட்டு வந்தா நான் சோறு பொங்கி வச்சிருப்பேன்ல.”

சொந்தக்காரர்களிடம் மட்டும் “மக லண்டன்ல டாக்டருக்குப் படிக்கிறா” என்று சொல்லி வைத்திருக்கிறாள். லண்டன் இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். டாக்டர் என்பதைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா முழங்கால் வலிக்கு என்னிடம் மாத்திரை கேட்டார்.

2

வருவதற்கு முன்னால் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆறு வருடம் விலங்கியல் நடத்தினேன். கடல்சார் உயிரியல் தாளும் என்னுடையதுதான். ஜன்னலைத் திறந்தால் ஆனைமலை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தண்ணீர் என்பதே விடுதித் தொட்டியில்தான். ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டில்கள் ஏழு. ஒன்றில் கால் ஒடிந்த நட்சத்திர மீன். இன்னொன்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சீட்டு அழிந்துவிட்டது. செய்முறைத் தேர்வில் அதையும் வைப்போம். பிள்ளைகள் என்ன எழுதினாலும் பாதி மதிப்பெண்.

ஒரு நாள் கடல்பசுவைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். மேலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற சங்கீதா என்ற மாணவி எழுந்து நின்றாள்.

“மிஸ், நீங்க கடல்பசுவ நேர்ல பாத்துருக்கீங்களா?”

“பாத்துருக்கேனே. மண்டபத்துல.”

“எப்பிடி மிஸ் இருந்துச்சு?”

“பெருசா இருந்துச்சு.”

அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். உண்மையில் நான் அதுவரை ராமேஸ்வரம் போனது இரண்டே தடவை. ஒரு தடவை தீர்த்தமாட, இன்னொரு தடவை மாமனார் அஸ்தியைக் கரைக்க. இரண்டு தடவையும் முழங்காலுக்கு மேல் கடலுக்குள் போகவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை ‘பெருசா இருந்துச்சு’ என்பதைப் பல்கலைக்கழகத் தேர்வில் எழுதிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது.

என் கணவர் பாண்டி ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கடையில் வைத்தே சொன்னேன். ஏதோ ஒரு நாட்டில், படகில் ஏறி, நிஜமான பிராணியை நிஜமான தண்ணீரில் பார்க்கிற படிப்பாகப் படிக்க வேண்டும். அவர் பிரித்துப் போட்ட போனிலிருந்து தலையைத் தூக்காமல், “போவோம். இங்க மட்டும் என்ன வாழுது” என்றார். எட்டு மாதம் விண்ணப்பம் போட்டேன். இந்த ஒரு இடத்தில் உதவித்தொகையோடு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு காகிதம். கடலில் பணி செய்ய உடல்தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்ப டாக்டர் அந்தப் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

“நீந்தத் தெரியுமாம்மா?”

“தெரியாது டாக்டர்.”

“நல்லவேள, இதுல அதக் கேக்கல” என்று கையெழுத்துப் போட்டார்.

இங்கே வந்ததும் கேட்டுவிட்டார்கள். முப்பத்து நான்கு வயதில், கையில் காற்றுப்பை மாட்டிய ஐந்து வயதுக் குழந்தைகளோடு வரிசையில் நின்று நீச்சல் கற்றேன். அதில் ஒரு குழந்தை என் மகள் கயலுடைய வகுப்புத் தோழியின் தங்கை. ‘கயலோட அம்மா இன்னும் மிதக்கல’ என்பது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

3

பாண்டிக்கு இங்கே கிடைத்த வேலை மீன் ஆலையில் செதில் எடுப்பது. ஆக, வீட்டில் ஒருத்தி கடலைக் காப்பாற்றப் போகிறாள், ஒருவர் அதை வெட்டிப் பெட்டியில் அடுக்குகிறார். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு பேர் மேலும் ஒரே வாடை.

மொழிதான் படாத பாடு படுத்தியது. ஆங்கிலத்தில் ஆறு வருடம் பாடம் நடத்தியவள் நான். இங்கே ‘ஆம்’ என்பதற்கு ‘ஐ’ என்பார்கள். அது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆலன் என்று ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், எங்கள் ஆய்வுக்குச் சம்பளமில்லாமல் உதவுகிறவர். அவரிடம் எது கேட்டாலும் ‘ஐ’ என்பார். ‘நான்’ என்று ஆரம்பிக்கிறார், மீதி வாக்கியம் வரும் என்று மரியாதையாகக் காத்து நிற்பேன். வராது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். கயலுக்கு அது ‘ஆய்’ என்று கேட்டது. டீச்சர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் விழுந்து விழுந்து சிரித்து வகுப்புக்கு வெளியே நின்றாள்.

வந்த பத்தாவது மாதம், ஆகஸ்டில், கணக்கெடுப்பு. மூன்று வாரம் தினமும் படகில் வளைகுடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். படகின் கூரையில் ஒரு மேடை, அதில் நான். முன்தளத்தில் சக மாணவி ஒருத்தி. நடுவில் கண்ணாடி அறைக்குள் பதிவுத்தாளோடு ஆலன். அவர் தலைக்கு மேலே கூரையில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக அவருக்கு என் முகம் தெரியும்.

எதற்கு இரண்டு பேர் என்றால், அவனியாபுரம் ரோட்டில் இரண்டு பேர் நின்று ஷேர் ஆட்டோ எண்ணுகிறோம் என்று வையுங்கள். நான் பார்த்த பத்தும் எதிர்ச்சாரி ஆள் பார்த்த பத்தும் ஒரே பத்து என்றால், ஓடுவதே ஏறத்தாழ பத்து ஆட்டோதான். நான் பார்த்ததில் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை, அவர் பார்த்ததில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை என்றால், நாங்கள் இரண்டு பேரும் பார்க்காத ஆட்டோ ஊர் முழுக்க ஓடுகிறது என்று அர்த்தம். கடற்பன்றிக்கும் அதே கணக்குதான்.

இரண்டாம் நாளே என் வாக்கிடாக்கி கடலில் விழுந்தது. புதிதாக வாங்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அதில் ஒருவர் விடுமுறையில் ஸ்பெயின் போயிருந்தார். எனவே சைகை. நான் ஒன்றைப் பார்த்தால் கூரையைக் காலால் தட்டுவேன், ஆலன் எழுதிக்கொள்வார். கீழே இருப்பவள் ஒன்றைப் பார்த்து அவரிடம் சொன்னால், அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்குவார். ‘நீ சற்று முன் தட்டினாயே, அதே பிராணிதானா?’ என்று அர்த்தம். இரண்டு கையும் பைனாகுலரில் இருப்பதால் நான் தலையை ஆட்டுவேன். ‘அதேதான்.’

ஆலன் நல்ல மனிதர், ஆனால் பிஸ்கட் விஷயத்தில் கருமி என்று அப்போது நினைத்தேன். பதினொரு மணிக்கு டப்பாவைத் தூக்கி ஜன்னலில் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். நான் தலையாட்டுவேன். அவர் சிரித்துவிட்டு டப்பாவை மூடித் தானே இரண்டு தின்பார். மூன்று வாரமும் இதே நாடகம். வாத்தியார் இனம், எங்கும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டேன்.

4

அக்டோபரில் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். என் ஆராய்ச்சி மேற்பார்வையாளர் மோரக், முப்பது வருடமாகக் கடலில் கிடக்கிற அம்மாள், கணினித் திரையை மூக்கால் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். நானும் சக மாணவியும் ஒரே கடலை, ஒரே நேரத்தில், ஒரே படகிலிருந்து பார்த்திருக்கிறோம். ஆனால் இருவர் கண்ணிலும் பட்டது என்று அநேகமாக எதுவுமே இல்லை. அவள் பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு.

இரண்டு பேரையும் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கண் டாக்டர் என்னென்னவோ எழுத்தையெல்லாம் காட்டிவிட்டு, “விமானி வேலைக்கே போகலாம்” என்றார். ஆலனையும் கூப்பிட்டுக் கேட்டார் மோரக். ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்கிக் கேட்டதாக ஆலன் சத்தியம் செய்தார். அது உண்மையும்கூட.

அப்படியென்றால் ஒரே விளக்கம்தான். வளைகுடாவில் நினைத்ததைவிட மூன்று மடங்கு கடற்பன்றி இருக்கிறது. மோரக் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் வளைகுடாவில் செவுள் வலை போடுவதைத் தடை செய்யலாமா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கிற வலை அது, கடற்பன்றிகள் அதில் மாட்டி மூச்சுமுட்டிச் சாகும் என்பது எங்கள் கட்சி. எங்கள் வலையில் ஒன்றுகூட மாட்டியதில்லை என்பது மீனவர்கள் கட்சி. டிசம்பரில் ஊர் மண்டபத்தில் கூட்டம். இவ்வளவு இருக்கும்போது தடை எதற்கு என்று முடிந்துவிடும். மீனவர்களுக்குச் சந்தோஷம், மீன் ஆலைக்குச் சந்தோஷம், பாண்டிக்கு வேலை நிலைக்கும். அம்மாவிடம் சொன்னேன். “பன்னி பெருகுனா நல்லதுதானத்தா” என்றாள்.

5

நவம்பரில் கயலின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னார்கள். டீச்சர் இளம்பெண். கயல் இப்போது மிகவும் நன்றாகப் பழகுகிறாள் என்று ஆரம்பித்தார். போன வருடம்தான் கவலையாக இருந்ததாம்.

“வந்த புதிதில் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பாள். பால் வேண்டுமா, வேண்டாம். வண்ணம் தீட்டுகிறாயா, மாட்டேன். இந்தப் பள்ளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அதற்கும் இல்லை என்றுதான் சொன்னாள். மனநல ஆலோசகரைக்கூட வரவழைத்தோம்.”

வீட்டில் இந்தப் பிள்ளை வாய் ஓயாமல் பள்ளிக்கூடப் பெருமை பேசிக்கொண்டிருந்தது அப்போது. நான் கயலைப் பார்த்தேன். அவள் தமிழுக்கு மாறினாள்.

“நான் யெஸ்னுதான்மா சொன்னேன். வாய்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் தலைய ஆட்டுனேன். இப்பிடி.”

ஆட்டிக் காட்டினாள். நம் ஊர் ‘சரி’. தலை இடதும் வலதுமாகச் சாய்ந்து சாய்ந்து வரும், பொம்மைத் தலை மாதிரி.

“மிஸ்ஸுக்கு அது நோவாம். நாலு மாசம் பால் தரல. அப்பறம் எம்மா சொன்னா, மேலயும் கீழயும் ஆட்டணும்னு.” எம்மா அவள் வகுப்புத் தோழி. “நீயும் தப்பாத்தான்மா ஆட்டுற. வாயால யெஸ் யெஸ்னு சேத்துச் சொல்றதுனால யாருக்கும் தெரியல.”

முதலில் பிள்ளை பாலில்லாமல் உட்கார்ந்திருந்த நாலு மாதம்தான் கண்முன் வந்தது. பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள், அவர்கள் இல்லை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த நிமிடம் கூரை ஜன்னல் ஞாபகம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒற்றை விரல். இந்தப் பக்கம் என் தலை. நான் சொன்ன ‘யெஸ்’ காற்றோடு போயிருக்கிறது. பிஸ்கட் டப்பா மூடிய சத்தம்.

டீச்சர் கயலின் கணக்குப் பாடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பாண்டி கையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து வாடையைப் போக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

“அப்ப அந்த மூணு மடங்கு?”

“இல்லைங்க. ஒரே பன்னிய ரெண்டு ரெண்டா எழுதிருக்காரு.”

“கம்மியாத்தான் இருக்குன்னு தெரிஞ்சா வலைக்கு தடை வந்துரும்ல?”

“வரலாம்.”

“வலை இல்லாட்டி ஆலைக்கு மீனு வராது.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வேற யாருக்கும் தெரியுமா?”

“கயலுக்கு மட்டும்.”

“அம்புட்டுதான? கூட்டம் முடியட்டும். அடுத்த வருசம் எண்ணும்போது சரியா எண்ணிக்க.”

எனக்கும் அந்த யோசனை வராமலில்லை. சொன்னால் படிப்பு ஒரு வருடம் தள்ளிப் போகும். விசாவை நீட்டிக்க மறுபடி கெஞ்ச வேண்டும். ஊரில் எல்லோரும் டாக்டர் டாக்டர் என்று காத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளும், “அவுக கேட்டாகளா? கேக்காதத நீயா எதுக்குப் போய்ச் சொல்ற?” என்றாள்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கூட்டத்துக்கான படங்களைத் தயார் செய்யச் சொன்னார் மோரக். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்தேன். அடித்துவிட்டுப் பார்த்தால் ஒத்தக்கடை வகுப்பறையில் ‘பெருசா இருந்துச்சு’ என்று சொன்ன அதே குரல் மண்டைக்குள் கேட்டது. அதைக் கேட்காமல் இருக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தது. பாண்டிக்கு ஆலைக்கே போன் போட்டு, சொல்லப் போகிறேன் என்றேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

“சொல்லத்தான் போறன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார். “சொல்லிட்டு வா. வேலை வேற பாத்துக்கிறலாம்.”

6

மோரக் நம்பவில்லை. கண் பரிசோதனைக்கு அனுப்பியதில் மனம் புண்பட்டு ஏதோ சொல்கிறேன் என்று நினைத்தார். ஆலனைக் கூப்பிட்டோம். எங்கள் இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்தார்.

“படகில் கேட்டது போலவே கேள். அவள் பேசக்கூடாது.”

ஆலன் ஒற்றை விரலைத் தூக்கினார். நான் ‘ஆமாம், அதேதான்’ என்று தலையாட்டினேன்.

“இல்லை என்கிறாள்” என்றார் ஆலன்.

“நான் ஆமாம் என்றேன்.”

ஆலன் என் தலையைப் பார்த்தார். இன்னொரு முறை விரலைத் தூக்கினார். இன்னொரு முறை ஆட்டினேன். அவர் முகம் மெல்ல வெளுத்தது. எனக்குத் தெரியும், மனிதர் பதிவுத்தாள்களை நினைக்கவில்லை.

“பிஸ்கட்” என்றார்.

“ஆமாம்.”

“மூன்று வாரமும்?”

“மூன்று வாரமும்.”

“கடவுளே. உனக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்தேன்.”

மோரக் மேஜையில் கவிழ்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. மூன்று வாரப் படகுச் செலவு, எரிபொருள், ஒரு வருட உழைப்பு, எல்லாம் போயிற்று. எந்த ‘இல்லை’ நிஜமான இல்லை, எது மதுரை ‘ஆமாம்’ என்று இனிப் பிரிக்க வழியே கிடையாது.

“கூட்டத்தில் எண் இல்லை என்று நான்தான் அறிவிக்க வேண்டும். ஏன் இல்லை என்பதை நீ சொல்கிறாய்” என்றார்.

ஊர் மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். எல்லாம் கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸும். நான் மேடையேறித் தலையை ஆட்டிக் காட்டினேன். முதல் வரிசை சிரித்தது, பிறகு மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், “எங்கள் மீனையும் இந்த அம்மாவே எண்ணட்டும். அடுத்த வருடம் இரண்டு மடங்கு பிடிக்க அனுமதி கிடைக்கும்!” என்று கத்தினார். காது சூடேற இறங்கி வந்து தேநீர் மேஜைக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன்.

அறுபது வயதிருக்கும் ஒரு மீனவர் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் யூவன். செவுள் வலைக்காரர்.

“பல்கலைக்கழகத்து ஆட்கள் இருபது வருடமாக இந்த மேடையில் ஏறுகிறார்கள். தப்பாக எண்ணிவிட்டேன் என்று யாரும் சொன்னதில்லை” என்றார்.

சர்க்கரைக் கட்டியை நீட்டினேன்.

“வலையில் ஒன்று வருவதை நீ பார்த்திருக்கிறாயா?”

“இல்லை. கட்டுரைகளில் படித்ததுதான்.”

“மார்ச்சில் வலை போடுவேன். வா.”

7

பொங்கலுக்கு மூன்று வாரம் மதுரை வந்தோம். விமானம் அவனியாபுரத்துக்கு மேல் தாழ்ந்தபோதே கயல், “அம்மா, எல்லாம் ஏன் இவ்ளோ பிரௌனா இருக்கு?” என்றாள். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அப்ப பன்னி எம்புட்டு இருக்குன்னு இன்னும் தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“ஒரு வருசம் என்னதான்த்தா பண்ண?”

காலையில் கயலுக்கு இட்லி வைத்தாள். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டபோது கயல் தலையை மேலும் கீழுமாக வெட்டி வெட்டி ஆட்டினாள். அம்மா பாத்திரத்தோடு பின்வாங்கினாள். “ஏன் கெடா மாதிரி முட்ட வருது?” கயல் பொறுமையாக, “இது யெஸ் அம்மாச்சி” என்று விளக்கினாள். நான் சொல்லித் தராத ஒன்றை என் பிள்ளை என் அம்மாவுக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தாள்.

பழைய கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். முதல்வர் என்னைக் ‘கடலை அளந்த மகள்’ என்று அறிமுகப்படுத்தினார். நான் எழுந்து, அளந்த லட்சணத்தைச் சொன்னேன். கடல்பசுவைப் பார்த்ததாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். சங்கீதா அங்கே இல்லை, படிப்பு முடித்துப் போய்விட்டாள். கேட்டிருக்க வேண்டியவள் அவள்தான். “புரிஞ்சுச்சா?” என்று கேட்டபோது இருநூறு பிள்ளைகளும் ஒன்றாகத் தலையை இடமும் வலமும் சாய்த்தார்கள். அந்தக் காட்சிக்காகவே டிக்கெட் போடலாம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

“மிஸ், எங்க இன்டர்னல் மார்க்கையும் இப்பிடித்தான் எண்ணிப் போடுறாங்களா?”

முதல்வர் உடனே நன்றியுரை என்றார்.

8

நடந்து முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். விசாவை நீட்டிக்க நாற்பது பக்கம் நிரப்பினேன். ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற இடத்தில் ‘தலையசைவு’ என்று எழுதினேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மோரக் ஒரு கடிதம் எழுதித் தந்தபிறகு நீட்டித்தார்கள். இந்த ஆகஸ்டில் மறுபடி கணக்கெடுத்தோம், ஆளுக்கு இரண்டு வாக்கிடாக்கியோடு. பழைய எண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. வலைக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்கிறார்கள், இன்னும் கையெழுத்தாகவில்லை. ஆனால் ஆலை இப்போதே ஆட்களைக் குறைத்துவிட்டது. பாண்டி முடிதிருத்தும் கடை ஒன்றின் மூலையில் மேஜை போட்டு செல்போன் பழுது பார்க்கிறார். ஊரில் அரைவாசிப் பேரின் போன் கடலில் விழுந்தது என்பதால் தொழில் நடக்கிறது.

இதெல்லாம் படிவத்தில் எழுதிவிடலாம். எழுத வராமல் நிற்பது மார்ச்சில் யூவன் படகில் போன நாள்தான்.

விடிந்த பிறகுதான் கிளம்பினோம். யூவன், அவருடைய மைத்துனர், நான். வலை இழுக்கும் இயந்திரம் முனகிக்கொண்டே சுற்றியது. பெரிய மீன்கள் வந்தன, நண்டு வந்தது, ஒரு ஒற்றை பூட்ஸ் வந்தது. அதற்கு அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் வலை பாரமானது. யூவன் இயந்திரத்தை நிறுத்தினார்.

இரண்டு பேரும் கையாலேயே இழுத்துத் தளத்தில் கிடத்தினார்கள். வலைக் கண்ணி அதன் வாயோரத்திலும் துடுப்பிலும் இறுகியிருந்தது. யூவன் கத்தியால் தன் வலையைத்தான் அறுத்தார், அதன் தோலில் படாமல். ஒன்றரை வருடம் முதுகையும் மூச்சையும் மட்டும் பார்த்துவந்த பிராணி முழுசாக, உயிரில்லாமல் என் முன்னால் கிடந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். அவனியாபுரத்தில் அப்பாவின் பஞ்சர் பட்டறையில் கிடக்கிற ஈர ட்யூப் மாதிரி வழவழப்பு. சில்லென்றிருந்தது. பல்லெல்லாம் சின்னச் சின்னது. டேப்பைப் பிடித்து அளந்தேன். கயலைவிட இரண்டு விரல் நீளம் குறைவு.

யூவன் என் பையைக் காட்டினார்.

“அந்தப் படிவம் வைத்திருப்பீர்களே. வலையில் மாட்டியதை எழுதுகிற படிவம்.”

வைத்திருந்தேன். எங்கள் ஆய்வகக் கோப்பில் இந்தத் துறைமுகத்துக்கு நேரே வருடாவருடம் பூஜ்யம்தான்.

“ஒன்று என்று எழுதட்டுமா?”

“இந்த வருடம் இது மூன்றாவது. போன வருடம் ஆறு. அதற்கு முந்தின வருடம் எண்ணவில்லை.”

“இதை வைத்து வளைகுடாவை மூடிவிடுவார்கள். உங்களுக்குத் தெரியுமல்லவா?” என்றேன்.

“தெரியும்.”

“பிறகு ஏன்?”

அவர் அந்தப் பிராணியின் மேல் ஒட்டியிருந்த அறுந்த வலை இழையை எடுத்துக் கடலில் போட்டார். “சின்ன வயதிலிருந்து இவற்றைத் தூக்கித் தண்ணீரில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை” என்றார். மைத்துனர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுதினேன். கீழே மீனவர் பெயருக்கு ஒரு கோடு இருந்தது.

“பெயர் போட வேண்டுமா?” என்று கேட்டார் யூவன்.

“அவசியமில்லை. படகு எண் போதும்.”

யோசித்தார். கடற்காகங்கள் மீன் குடலுக்காக எங்களைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

“போடு” என்றார்.

போட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஈர விரலால் தாளைத் தொட்டார். “கடைசிக்கு முந்தின எழுத்து ‘e’ இல்லை, ‘a’.”

அழித்துவிட்டுத் திருத்தினேன். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு போய் இயந்திரத்தைப் போட்டார். பாதி வலை இன்னும் தண்ணீருக்குள் இருந்தது.